மாமாவைத் தின்ற பாவம்

சுனாமி வந்த மார்கழிக்குப் பிறகு காரைக்காலில் கடல் மீனைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பயத்துக்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. என் தாய்மாமாவை அலை கொண்டுபோயிருந்தது. கிளிஞ்சல்மேட்டில் மாமாவின் படகு கிடைத்தது, மாமா கிடைக்கவில்லை. அம்மாவும் அந்த ஊர்தான். இந்துக் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் காதலித்து, வேதக்கார வீட்டுக்கு வந்தவள். மாதா கோயிலுக்கு எங்களோடு வருவாள், ஆனால் கடைசித் தூணைத் தாண்டி உள்ளே வரமாட்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி நாளில் இறந்தவர் எல்லோரும் உடலோடு எழுவார்கள், கடலும் தன்னிடம் இருப்பவர்களைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று சிஸ்டர் சொல்லித் தந்தார். மற்ற பிள்ளைகள் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். நான்தான் அதிகப்பிரசங்கியாயிற்றே, உட்கார்ந்து யோசித்தேன். மாமாவை மீன் தின்றிருந்தால்? அந்த மீனை யாராவது தின்றிருந்தால்?

யோசனை அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் நெடுங்காட்டு அத்தை வீட்டில், அம்மாவுக்குத் தெரியாமல், மீன் குழம்பு சாப்பிட்டிருந்தேன். நாலு துண்டு. ருசியாக வேறு இருந்தது. மாமா எழுந்து நின்று, சுண்டுவிரல் ஒன்று குறைகிறதே என்று தேடிக்கொண்டு நேரே என்னிடம் வந்தால் என்ன பதில் சொல்வது? என்னால் மாமா முழுதாக எழ முடியாமல் போய்விடுமோ என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்தில் பொய், திருட்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் முதலில் சொன்னேன்.

“சாமி, எங்க மாமாவ சாப்பிட்டுட்டேன்.”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பங்குசாமியார் நிதானமாக முழுக் கதையையும் கேட்டார். பத்து ஜெபம் கொடுத்திருந்தால் ஒரே மூச்சில் முடித்திருப்பேன். அவரோ, இதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றுவிட்டார்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று தெரிந்தே, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அடி விழவில்லை. என்ன மீன் என்று மட்டும் கேட்டாள். விரால் என்றேன்.

“விரால் வாய்க்கா மீனுடி. அது கடலக் கண்ணால பாத்தது கூடக் கெடையாது.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கடற்கரைக்காரி மகளுக்கு விரால் தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாலு மாதத்தில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமாவின் விரல் பத்திரமாக இருக்கிறது. நானும் தப்பித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் எந்திரிப்பாங்கன்னா சொன்னாங்க? எங்க ஆளுங்களுமா?”

எல்லோரும் என்றுதான் சிஸ்டர் சொன்னார் என்றேன். கடலில் போனவர்களுமா என்றாள். கடல் திருப்பிக் கொடுத்துவிடும் என்று ஒப்பித்தேன். உடம்போடா என்றாள். உடம்போடுதான் என்றேன்.

சாயங்காலம் மறுபடி கேட்டாள். மறுநாள் காலையில் மீன்கூடைக்காரியைத் தானே கூப்பிட்டு நிறுத்தி, கடலிலிருந்து வந்த சங்கரா மீன் வாங்கினாள். செதில் உரசிக்கொண்டே மீண்டும் முதலிலிருந்து கேட்டாள். நானும் மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். மத்தியானம் சோறு போடும்போதும் அதே கேள்வி வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை முறை சொன்னாலும் அம்மா மண்டையில் ஏறவில்லை என்று அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“போயி இன்னொரு தடவ சொல்லிட்டு வா,” என்றார்.

நான் அலுத்துக்கொண்டே எழுந்து போனேன்.