பெயர் எழுதும் கட்டம்

தங்கை பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரோடு என்ன மல்லுக்கட்டுகிறாள் என்பது, பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் புரிந்ததே இல்லை. டாக்டர் கேட்டதால் அன்று ஆஸ்பத்திரி வெப்சைட்டைச் சோதிக்க வந்த தங்கை, முன்பதிவுப் படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு வரிக் கட்டளையை எழுதி, போனிலிருந்து அனுப்பினாள். அக்கா அந்தப் பதிவைத் திறந்ததுதான் தாமதம், திரையில் தானாக ஒரு பெட்டி முளைத்தது: "அக்கா, உள்ளே வந்துட்டேன்."

"ஐயோ, நான் எதையும் தொடலையேடி!"

"திறந்தாலே போதும். இந்தப் படிவம் பிளகின்னு ஒரு ரெடிமேட் புரோகிராம், நாலு லட்சம் வெப்சைட்ல இதேதான் இருக்கு. கெட்டவன் எழுதியிருந்தா நோயாளிங்க விவரமெல்லாம் போயிருக்கும்."

அக்கா சட்டென்று அந்தப் பதிவை மூடினாள்.

பிளகின் செய்தவர்களுக்குத் தங்கை இதைப் பற்றி எழுதிப்போட்டாள். பத்தாம் நாள் அப்டேட் வந்தது. அக்கா அதே பதிவை மறுபடி திறந்தாள். கட்டளை வெறும் எழுத்தாக, பல் பிடுங்கின பாம்பாகக் கிடந்தது. நாலு லட்சம் கதவு! அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காதவளா சாத்தினாள்?

"அப்டேட் குறிப்புல உன் பேரை எங்கேயுமே போடலையேடி!"

"பேர் போடுற இடத்துலதானேக்கா ஓட்டையே இருந்துச்சு."