பர்சென்ட் அக்கா

"ஓரம், ஓரம்! சாப்பாடு வருது!" என்று வாயாலேயே வழி கேட்டுக்கொண்டு சந்தைத் தெருவில் நுழைகிறார் அக்கா. ஸ்கூட்டரில் ஹாரன் இருக்கிறது. "அதுவும் கரண்டுதானே?" என்று அதைத் தொடமாட்டார்.

வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. மின்சார வண்டி வாங்கியதிலிருந்து அவருக்கு எல்லாமே சதவீதம்தான். மாமியாரின் மூட்டுவலி நாற்பது, மகளின் கோபம் தொண்ணூறு. கணவர் வாய் திறந்தால், "நானே இருபதுல இருக்கேன், பேச்சுக் கொடுக்காதீங்க" என்பார். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பர்சென்ட் அக்கா.

பழைய பெட்ரோல் வண்டியை அவர் ஊர்க்காற்றுக்காக விற்கவில்லை. மின்சார வண்டிக்காரர்களுக்குத்தான் உணவு நிறுவனத்தின் கைபேசிச் செயலி முதலில் ஆர்டர் தருகிறது; விற்றார். காற்று சுத்தமாவது இலவச இணைப்பு.

மாலையில் ஊரே விளக்கும் ஏசியும் போடும்போது, பேட்டரி மாற்றும் நிலையம் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். மின்சாரத் தேவை உச்சத்தில் இருப்பதைப் பார்த்து அங்குள்ள கணினியே எடுக்கும் முடிவு அது. பசி நேரமும் அதுதான்.

நேற்றும் அப்படித்தான். நிலையத்தின் அலமாரி முழுக்கச் சிவப்பு விளக்குகள். முழு சார்ஜுள்ள பேட்டரி ஒன்றுகூட இல்லை.

"நமக்குப் பசிக்கிறப்பதான் இதுவும் விரதம் இருக்கும்கா" என்றார் காத்திருந்த இன்னொரு வண்டிக்காரர்.

அந்த நேரம் பார்த்துப் புது ஆர்டருக்குக் கைபேசி அலறியது. பக்கத்து ஓட்டலில் எடுத்து, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். வண்டியில் ஏழு சதவீதம்.

"வேணாம்னு தட்டி விடுக்கா."

"ரெண்டு தட்டியாச்சுப்பா. இன்னொண்ணு தட்டினா கம்பெனிக்காரன் வாரம் பூரா ஆர்டரே வராம என் ஐடியைப் பூட்டிடுவான். வீட்டுல உக்காந்து ஈ ஓட்டவா?"

"ஏழுல பாலம் ஏறுமா?"

"வண்டி ஏறாது. நான் ஏறுவேன்."

உணவை வாங்கிக்கொண்டு பாலத்தடி வரை ஓட்டினார். அங்கே இறங்கி, இரண்டு கைகளாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினார். பின்னால் வந்த லாரி அதட்டியது. பாதி ஏற்றத்தில் வாடிக்கையாளர் அழைத்தார்.

"என்னங்க, மேப்புல வண்டி நகரவே மாட்டேங்குதே?"

"நகருதும்மா. நல்லா உத்துப் பாருங்க" என்றார், மூச்சு வாங்குவது கேட்காதபடி.

உச்சிக்கு வந்ததும் வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. முன்னால் இறக்கம். இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், செருப்புக் கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.