கழுவிய கொத்தவரங்காயும் வேன் சீட்டும்

சாப்பாடு கட்டிக்கொடுக்கும் தொழிலில் பாராட்டு அன்றைக்கே வந்துவிடும். புகார், செரிக்காமல் மறுநாள்தான் வரும். அடுப்படியில் நிற்கும் உங்களுக்கு இது புதிதல்ல. பாரிவாக்கத்திலிருந்து ஆபீஸ் போகும் வேன், காலையில் கரையான்சாவடியில் என் வாசலில் நின்று பதினோரு டப்பா எடுத்துப்போகும். ஏறுபவர்கள் பதினோரு பேர். டிரைவர் பாபுவுக்கு அவன் வீட்டுச் சாப்பாடு.

பச்சைக்காய்

பதினோரு பேரில் சேகர் சாருக்கு மலச்சிக்கல். நார்ச்சத்துள்ள காய் நிறையச் சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். எண்ணெய், பெருங்காயம் எதுவும் வேண்டாம், பச்சையாகவே நறுக்கித் தாருங்கள் என்றார். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் டப்பா நிறையப் போயின. நாலாம் நாள் காலை பாபு வேனிலிருந்து இறங்கும்போதே பொரிந்தான்.

"இன்னா அண்ணாத்தே கட்டிக் குடுக்கற அந்த சாருக்கு? சாயங்காலம் ஏசி வண்டில ஒருத்தனும் குந்த முடில. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா அவருக்கு சீட்டு இல்லன்ட்டாங்க!"

தாளிப்பு

சீட்டு போனால் சேகர் சார் மூன்று பஸ் மாறவேண்டும். பக்கத்துத் தெரு ஆயுர்வேத வைத்தியரிடம் கேட்டேன். நார்க்காய் பச்சையாகவோ ஆறியோ உள்ளே போனால் வாயுவைக் கிளப்பும். வேகவைத்து, நல்லெண்ணெயில் சீரகம், இஞ்சி, பெருங்காயம் தாளித்து, சூடாக, கொஞ்சமாக ஆரம்பிக்கட்டும் என்றார். கொத்தவரங்காயை அப்படியே செய்து ஹாட்பாக்ஸில் கொடுத்தேன். வாயு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சூடாகச் சாப்பிடுங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பாபுவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, முந்தின சாயங்காலமும் அதே கதைதான். கடைசியாக ஒரு தடவை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, சேகர் சாரையே விசாரித்தேன்.

"எண்ணெய் ஆகாதே மாஸ்டர், ஆபீஸ் குழாயில நல்லா அலசிட்டுத்தான் சாப்பிட்டேன்."

கிண்ணம்

அன்றுதான் வாய் திறந்தேன். "அலசினா பெருங்காயம் குழாயோட போயிடும் சார், வாயு உங்களோட வேன்ல வரும்." அவர் காது சிவந்தது; அலசுவதை விட்டார். இரண்டு வாரம் புகார் இல்லை. சீட்டு தப்பியது.

ஆனால் வீட்டிலும் பச்சையாகத் தின்ன வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கிய காய்களை எறிய அவருக்கு மனமில்லை. உடம்புக்கு நல்லது என்று தினம் ஒரு கிண்ணம் நறுக்கி பாபுவுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை, சேகர் சார் வேனிலிருந்து இறங்கி, தலையெல்லாம் காற்றில் கலைந்து வந்து நின்றார்.

"ஜன்னலைத் திறந்துட்டுத்தான் போறோம் மாஸ்டர், டிரைவரை எங்க இறக்கி விடறது?"

ஆக, இப்போது நான் கட்டுவது பன்னிரண்டு டப்பா; நன்றாக வெந்த கொத்தவரங்காயுடன் பன்னிரண்டாவது பாபுவுக்குப் போகிறது, சொல்லியனுப்பியவர்கள் வேனில் வரும் மற்ற பதினோரு பேர்.