வாசல் கேட்டில் நான் ஒட்டிய காகிதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு மலேசியாவின் கிள்ளானில், எங்கள் வீட்டில் நடந்தது இது. என் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால், பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நோயைக்கூடச் சமாளித்துவிடலாம். பாட்டியின் பழைய மாணவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. நேரம் காலம் கிடையாது, ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு வந்து நிற்பார்கள். ஒருவர் துரியான் பெலாண்டா என்கிற முள்சீத்தா மரத்தின் இலையைக் கொதிக்க வைத்து பிளாஸ்கில் கொண்டு வருவார். இன்னொருவர் கோழிச்சாறு பாட்டில் அரை டஜன். தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டிய பாட்டி, மாணவர்கள் கொடுத்தால் மட்டும் மறுக்கவே மாட்டார்.

"பிள்ளைங்க ஆசையா கொண்டு வருதுங்க. வேணாம்னு சொன்னா முகம் வாடிப் போயிடும்லா" என்பார்.

பிள்ளைகளாம்! அதில் ஒருவருக்குப் பேரனே பிறந்துவிட்டான்.

ஒரு நாள் நான் மீட்டிங்கில் இருந்தபோது, யாரோ வெட்டிக் கொண்டுவந்த இளநீரைப் பாட்டி முழுதாகக் குடித்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள். டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். வந்த ஆத்திரத்தில், 'யாரும் பார்க்க வர வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கேட்டில் ஒட்டினேன். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும் அதை ஓட்டி வந்தவருக்கு. காகிதத்தைப் படித்துவிட்டும் பெல்லை அடித்தார்.

"ஒரே நிமிஷம்தாம்மா. டீச்சர்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

"என்கிட்ட சொல்லுங்க அங்கிள், நான் சொல்லிடறேன்."

"இல்லம்மா, நானே சொல்லணும்."

அவர் கையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் எனக்கு மனம் இளகவில்லை. ஒருவரை விட்டால் நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிற்பார்கள். பாட்டி தூங்குகிறார் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உள்ளே பாட்டி விழித்துத்தான் இருந்தார். "யாரும்மா வந்தது?" என்று கேட்டார்.

"பார்சல்காரரு பாட்டி. வீடு மாறி வந்துட்டாரு."

அடுத்த வாரம், காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே பாட்டிக்கு மாரடைப்பு வந்தது. இளநீரும் இல்லை, இலைச்சாறும் இல்லை. நான் சொன்னபடி எல்லாவற்றையும் அளந்து குடித்துவிட்டுத்தான் போனார்.

சாவு வீட்டில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. அந்த லோரிக்காரரும் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேராகப் பாட்டியைக் கிடத்தியிருந்த பெட்டி அருகே போய், கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"டீச்சர், என் மகளுக்குப் போஸ்டிங் கிடைச்சிருச்சு. நீங்க படிச்சுக் கொடுத்த அதே ஸ்கூல்லதான். டீச்சரா போறா, டீச்சர்."

இன்றைக்கும் எனக்கு என்மீதுதான் எரிச்சல் வருகிறது. பாட்டியின் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நின்ற நான், அந்த உயிர் கடைசியாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய ஒரு நிமிஷத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.