நேபிள்ஸில் ஒரு 'ச்சுப்'

போன மாதம் என் வீட்டுக்காரர் ஓர் இத்தாலிய அம்மாளுக்கு முத்தம் கொடுத்துவிட்டார். காற்றில்தான். இருந்தாலும் பட்டப்பகலில், நடுக்கடையில், நானும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

பதறாதீர்கள்... முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் மகள் செல்வி ஒரு சொகுசுக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். இதை எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது. உங்களுக்கு அலுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரின் தாத்தா நாங்கள் வாழும் இதே யாங்கோன் (பழைய ரங்கூன்) துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவர். கப்பலில் ஏறுவார், மூட்டையைப் போடுவார், இறங்கிவிடுவார். அவருடைய கொள்ளுப்பேத்தி இன்று கப்பலின் இன்ஜினையே ஓட்டுகிறாள். பெருமைப்படாமல் என்ன செய்வது?

ஒரு பயணத்துக்குப் பெற்றோரைக் கூட்டி வரலாம் என்று கப்பலில் சொன்னார்களாம். போனோம். ஒருநாள் காலை கப்பல் நேபிள்ஸில் நின்றது. செல்விக்கு மதியம் வரை ஓய்வு.

"அப்பா, இன்னிக்கு எங்க சீஃப் நம்மளோட வர்றாரு. அவரு சொந்த ஊரே இதுதான்" என்றாள்.

சீஃப் என்றால் தலைமை இன்ஜினியர். செல்வி இரண்டாம் இன்ஜினியர் ஆக வேண்டுமென்றால் அவர்தான் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

"வாயத் தெறக்காதீங்க. சிரிச்சா போதும்" என்று இவரிடம் நூறு தடவை சொன்னேன். யாங்கோனில் லான்மடாவ் பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் இவர். லுங்கிதான் கட்டுவேன் என்று அடம்பிடித்து, கட்டிக்கொண்டும் வந்தார்.

சீஃப் தன் அக்கா நடத்தும் காப்பிக் கடைக்கே எங்களை அழைத்துப் போனார். குறுகலான தெரு. மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். "அட, நம்ம லான்மடாவ் மாதிரியே இருக்கே!" என்று இவர் உற்சாகமாகிவிட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

காப்பி வந்தது. குருவி குடிக்கிற அளவு! இவர் ஒரே மடக்கில் முடித்துவிட்டார். இன்னொன்று வேண்டும். சீஃபின் அக்கா அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார். இவர் உதட்டைக் குவித்தார்.

"ச்சுப்... ச்சுப்!"

கடையில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார். அறுபது வயதிருக்கும். சீஃபின் முகம் சிவந்துபோனது.

யாங்கோன் டீக்கடைக்கு வந்தவர்களுக்கு இது புரியும். அந்த இரைச்சலில் வாய்விட்டுக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? உதட்டைக் குவித்து ஒரு சத்தம் — டீ வந்துவிடும். பிறந்ததிலிருந்து பழகிய வாய்... கடல் தாண்டியதும் திருந்திவிடுமா?

"போச்சு! புள்ள வேலையில மண்ணப் போட்டுட்டீங்களே!" என்று கிசுகிசுத்தேன்.

"ஐயையோ... இன்னொரு காப்பி கேக்கத்தான் புள்ள..." இவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, 'ஃப்ரெண்ட்ஸ் இருக்கறப்ப அப்படிக் கூப்பிடாதீங்கப்பா' என்று கெஞ்சிய பெண் அவள். எனக்கு அவளைப் பார்க்கவே தைரியமில்லை. பார்த்தால்... தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள்!

எழுந்து நின்றாள். இவர் தோளில் கை போட்டுக்கொண்டு இத்தாலிய மொழியில் படபடவென்று பேசினாள். 'இவர் என் அப்பா. எங்க ஊர்ல டீ கேக்கறது இப்படித்தான்' என்றாளாம். சொல்லிவிட்டு, அந்த அம்மாளைப் பார்த்துத் தானும் ஒரு 'ச்சுப்' போட்டாள்!

சீஃப் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஏதோ சொன்னார். இப்போது செல்விக்குத்தான் வெட்கம்.

"அது வந்தும்மா... நான் சேந்த மொத வாரம், கன்ட்ரோல் ரூம்ல ஒரு ஸ்பேனர் எடுக்கச் சொல்லி சீஃபையே இப்படிக் கூப்பிட்டுட்டேன். அன்னிக்குச் செம திட்டு! இப்ப அங்க எல்லாருமே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடறோம்."

"அப்ப... அந்தக் கடிதாசு?" இவர் மெதுவாகக் கேட்டார். செல்வி சீஃபிடம் கேட்டாள். பதில் வந்ததும் இவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்தே அனுப்பிட்டாராம்ப்பா."

இவர் எழுந்து, எங்கள் ஊர் மரியாதைப்படி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு சீஃபுக்குக் கை கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிதத்துக்காக இல்லை. அத்தனை பேர் முன்னால் 'இவர் என் அப்பா' என்றாளே... அதற்கு.

இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். பத்தடி நடந்திருப்போம். பின்னாலிருந்து சத்தம்.

"ச்சுப்... ச்சுப்!"

இவர் மறந்து வைத்த தோள்பையோடு அந்த அம்மாள் வாசலில் நின்றார். தெருவில் எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தது நாலே பேர். மூன்று பேர் யாங்கோன்காரர்கள். நாலாவது — சீஃப்!