கடைசிப் பாட்டை நான் வாசிக்கவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது எனக்கு நடந்தது. என் பெயர் சுமினோ. பிறந்தது ஜப்பானின் அகிதாவில். மூன்று நரம்புள்ள ஷாமிசென் மீட்டி எங்கள் ஊர்ப் பாட்டுகளைப் பாடுவேன். அந்த ஆகஸ்டில் பிரேசிலுக்குப் போனேன். காப்பித் தோட்டங்களுக்கு நடுவில், எங்கள் ஆட்கள் குடியேறிய சின்ன ஊர். பாட்டைப் பரப்பப் போகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். போனது அப்பாவைத் தேடி. எனக்கு விவரம் தெரியாத வயதில் அந்த ஊருக்குக் கூலி வேலைக்குப் போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா, தெரியாது. அதனாலேயே அம்மா சாகும்வரை அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றவில்லை.

இறந்தவர்கள் திரும்பி வரும் ஒபோன் நாள் அது. மைதானத்தில் காகித விளக்குகள் கட்டிக்கொண்டிருந்த உள்ளூர் ஹருயே அக்காவிடம் ஒரு மூட்டையைக் கொடுத்தேன். உள்ளே கறுப்பு முகமூடித் துணிகள். எங்கள் பக்கம் முகத்தை மூடித்தான் ஆடுவார்கள். ஆடுபவர் உயிருள்ளவரா, இல்லாதவரா என்று தெரியக் கூடாது. யாரையும் கூப்பிடவும் கூடாது.

"இங்க உள்ளதுங்களுக்கு சாம்பா ஆட்டம்னாதான் இடுப்பு வளையும். நீ வாசி, பாப்போம்" என்று சிரித்தார் அக்கா. "கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடாத தாயி. வந்தவங்களை வழியனுப்பணும்."

பொழுது சாய்ந்ததும் மேடையேறினேன். செம்மண் தரையில் ஆட்டக்காரர்கள் வட்டமாகச் சுற்றினார்கள். அதில் ஒரே ஒரு கறுப்பு முகமூடி. ஒருவராவது போட்டுக்கொண்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த பாட்டில் நாலைந்து முகமூடிகள். அதற்கடுத்த பாட்டில் எண்ண முடியவில்லை.

மற்றவர்கள் காலில் எல்லாம் செம்மண். முகமூடிக்காரர்களின் காலுறை மட்டும் வெள்ளை வெளேரென்று...

சர்ர்... தட். சர்ர்... தட்.

முதலில் வந்தவர் இடது காலை இழுத்து இழுத்து ஆடினார். ஊரை விட்டுப் போகும் முன்பே மரம் விழுந்து நொறுங்கியது என்று அம்மா சொன்ன கால். அப்பாவின் கால்!

கடைசிப் பாட்டின் நேரம் வந்தது. வாசித்தால், உயிரில்லாதவர் போய்விடுவார். என் கை எழவில்லை. உயிரோடுதான் இருக்கிறார் என்று மனம் கெஞ்சியது. ஆட்டப் பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

டங்! நரம்பு அறுந்தது.

"அப்பா..."

கூப்பிட்டது ஒருவரை. திரும்பியது அத்தனை முகமூடிகளும்.

விளக்குகள் அணைந்தன...

மறுநாள் காலை, பேருந்து நிற்கும் இடத்துக்கு ஹருயே அக்கா மூட்டையோடு வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. மூச்சு முட்டும்னு ஒருத்தரும் போட்டுக்கலை. நான் பிரிக்கவே இல்ல."

நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

இப்போது அகிதாவில், என் வீட்டில், ஷாமிசெனைத் தொட்டாலே சர்ர்... தட். பின்னாலேயே இன்னும் பல காலடிகள். வழியனுப்பும் பாட்டை வாசித்து வாசித்துக் கை ஓய்ந்துவிட்டது. யாரும் போவதாக இல்லை. அப்பாவுக்கு ஊதுபத்தி ஏற்றுகிறேன். மற்றவர்களுக்கு எப்படி ஏற்றுவது? அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.