சிலுவையைப் பிடித்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பீடத்தில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பெரியப்பா வெளியே எடுப்பது பெரிய வெள்ளிக்கும் சாவுக்கும் மட்டும்தான். முழங்கை நீள மரச்சிலுவை. சனங்கள் முத்தமிட்டு முத்தமிட்டு ஆண்டவருடைய பாதம் மட்டும் கறுத்து வழவழத்துப் போயிருக்கும். ஒரு பொதுத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, செபம் முடிந்த கையோடு, அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கோயில் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் வேட்பாளர். லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் ஒவ்வொருவராக வந்து சுரூபத்தின் மேல் கை வைத்து, தங்கள் ஓட்டு ஐயாவுக்குத்தான் என்று சத்தியம் செய்தார்கள். மற்ற லயங்களில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். வேதக்காரரான எங்கள் லயத்துக்கு அது சரிவராதென்று சிலுவையைக் கேட்டிருக்கிறார்கள். நம்முடைய அரசியல்வாதிகளின் சமய அறிவைக் குறைவாக எடைபோடக்கூடாது.

பெரியப்பா கலஹாவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தின் உபதேசியார். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார்; மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், சாவு வீட்டில் முன்னால் நிற்பதும் அவர்தான். அவர் சிலுவையைப் பிடித்ததற்குக் காரணம் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு. அதில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இங்கே இருக்கக்கூடாது என்றார்கள், போய்விட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. வேட்பாளர் மட்டும் சமதரையில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். சிதறிக் கிடக்கிற ஓட்டை யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரே கட்டாகக் கொடுத்தால் வீடு வரும் என்பது பெரியப்பாவின் கணக்கு. நான் அப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் பேராதனை வழியாக பஸ் பிடித்து அங்கே போவேன். ஆண்டவரை எதற்கு இதில் இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். "உசுரோட இருந்தாத்தானே புள்ள செபம் சொல்லலாம்" என்றார்.

ஐயா வென்றார். ஓர் அடிக்கல் வந்தது. அதில் தோட்டத்து ஆடுகள் வெயில் காய்ந்தன.

அடுத்த தேர்தலுக்கும் அதே ஆள், அதே வெள்ளை வேட்டி, அதே சிலுவையைக் கேட்டார். இடையில் வந்த மழைக்காலங்களில் பிள்ளைகளையும் கிழடுகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பெரியப்பா ஓய்ந்து போயிருந்தார். இந்த முறை கோயில் கதவைத் திறக்கவே இல்லை. காம்பரா காம்பராவாக, ஒரு வீடு விடாமல், ஏறி இறங்கினார். அன்றைக்குச் சிலுவையைப் பிடித்தது தான் செய்த பிழை என்றும், ஓட்டு ஆண்டவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கணக்குக் கேட்கிற காரியம் என்றும், யார் இந்த மேட்டடியிலிருந்து நம்மை எடுப்பார்கள் என்று யோசித்துப் போடுங்கள் என்றும் சொன்னார். சனங்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் அன்று செய்த சத்தியத்தில் எத்தனை தேர்தலுக்கு என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சுரூபத்தின் மேல் கை வைத்தாயிற்று, இனி மாற்றிப் போட்டால் பிள்ளை குட்டிக்கு ஏதாவது வந்துவிடும் என்ற பயம் லயம் முழுக்க ஊறியிருந்தது. பெரியம்மாவுக்கும் அதே பயம்தான். "நீங்க புடிச்ச சிலுவைதானே. இப்ப நீங்களே இல்லன்னா எப்புடி?" என்று அவரிடமே கேட்டார். போய் ஓட்டுச்சீட்டில் சத்தியப்படியே புள்ளடி போட்டுவிட்டும் வந்தார். ஐயா மறுபடியும் வென்றார்.

அந்த வருட மழையில், பட்டப்பகலில், மேடு இறங்கியது. காய்ச்சல் என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் பெரியம்மா காம்பராவில் படுத்திருந்தார். பெரியப்பா கோயிலில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது லயத்தின் கோடியில் தங்கள் வீடு இருந்த அடையாளமே இல்லை. மண்ணைக் கையால் வாரினார். பிடித்து இழுத்தவர்களை உதறிவிட்டு வாரினார். பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள்.

அடக்கத்தன்று ஐயா வந்தார். மாலை வைத்தார், கண்ணைத் துடைத்தார், வீடு நிச்சயம் வரும் என்றார். பெட்டிக்கு முன்னால் நடப்பதற்காகப் பெரியப்பா சுரூபத்தைக் கையில் ஏந்தி நின்றிருந்தார். அப்படியே ஐயாவின் பக்கம் திரும்பி அதை நீட்டினார்.

"இதுல கை வச்சுச் சொல்லுங்க ஐயா."

இத்தனை வருடத்தில் சத்தியம் செய்தவர்கள் எல்லாம் நாங்கள்தான்; அவர் ஒரு தரமும் செய்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயாவின் கை பாதி தூரம் வந்து நின்றது. "நான் ஒங்க வேதம் இல்லியே" என்றார், பணிவாக.

"எங்ககிட்ட வாங்கும்போது அது குறுக்க வரலியே" என்றார் பெரியப்பா.

பதில் எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. பெரியம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் ஐயாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "துக்கத்துல ஏதோ பேசிட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க. எங்க ஓட்டு என்னைக்கும் ஒங்களுக்குத்தான்" என்று கெஞ்சினார்கள். பெரியப்பா அதைக் கேட்டுக்கொண்டே சிலுவையைத் தோளில் சாத்தி, பெட்டிக்கு முன்னால் நடந்தார்.

இப்போது அவர் குண்டசாலையில் என்னோடு இருக்கிறார். பூசைக்கு என்னோடு வருவார், அதிகம் பேசமாட்டார். தேர்தல் நாளில் மட்டும் விடிந்ததும் பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போகிறார். அவருடைய ஓட்டு இன்னும் அங்கேதான். பள்ளிக்கூட வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் அவரோடு பேசுவதில்லையாம். அன்றைக்கு ஐயாவை அவமானப்படுத்தியதால்தான் வீடு வராமல் போனது என்று அவர்கள் நம்புகிறார்கள்.